மார்ட்டல் காம்பட் 4: ஸ்பிரைட்டிலிருந்து பாலிகனுக்கு மாறிய ஆட்டத்தை மறுபடி விளையாட ஒரு முழு வழிகாட்டி

மார்ட்டல் காம்பட் என்ற சண்டை வீடியோ கேம் தொடரைப் பற்றிப் பேசும்போது நான்காவது ஆட்டத்தைத் தாண்டிப் போய்விடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டாவதை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். மூன்றாவதின் ‘அல்டிமேட்’ பதிப்புக்கு இன்றும் தீவிர ரசிகர்கள் உண்டு. 2011இல் வந்த ஆட்டம்தான் தொடரைத் திரும்பத் தூக்கி நிறுத்தியது என்கிறார்கள். 1997இல் ஆர்கேடுக்கு (காசு போட்டு விளையாடும் பொது இட இயந்திரங்களுக்கு) வந்த நான்காவதை மட்டும் ‘அந்தக் கட்டை முகம் வைத்த 3டி கேம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு இதில் உடன்பாடே இல்லை. மிட்வே நிறுவனத்தில் எட் பூன், ஜான் டோபியாஸ் தலைமையில் இருந்த குழு அப்போது ஒரு தெளிவான முடிவை எடுத்தது: வீரர்களின் உடலை ஸ்பிரைட் எனும் தட்டைப் படத்திலிருந்து, பாலிகன் எனும் பல கோணத் துண்டுகளால் கட்டிய முப்பரிமாண உருவமாக மாற்றுவது, அவர்கள் மோதிக்கொள்ளும் அந்த ஒற்றைக் கோட்டை மட்டும் அப்படியே விட்டுவைப்பது. 2002இல் வந்த ‘டெட்லி அலையன்ஸ்’ முதல் 2006இல் வந்த ‘ஆர்மகெடான்’ வரை தொடர் அந்தக் கோட்டை விட்டு விலகி, களம் முழுக்கச் சுற்றி வரும் சண்டையாக மாறியது. 2011இல் திரும்பி வந்து நின்ற இடம் நான்காவது ஆட்டம் நின்ற அதே இடம்தான்: முப்பரிமாண உடல், ஒற்றைக் கோட்டுச் சண்டை. 14 வருடம் முன்னதாகவே சரியான விடையைத் தொட்ட ஆட்டம் இது. அதை நம் கைவிரல்களாலேயே உணர்ந்து பார்ப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது பெரியவர்களுக்கான ஆட்டம். ரத்தமும் கொடூரமும் நிறைய உண்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு விளையாடுங்கள்.

படி 1: எந்தப் பதிப்பு?

ஆர்கேட் பதிப்பு 1997இல் மிட்வேயின் ‘ஸீயஸ்’ என்ற வன்பொருளில் ஓடியது. 1998இல் பிளேஸ்டேஷன், நின்டெண்டோ 64, விண்டோஸ் கணினி ஆகியவற்றுக்கு வந்தது. 1999 செப்டம்பரில் சேகா ட்ரீம்காஸ்ட் அமெரிக்காவில் அறிமுகமானபோது, கூடவே ‘மார்ட்டல் காம்பட் கோல்ட்’ என்ற விரிவாக்கிய பதிப்பும் வெளியானது.

இன்று சட்டப்படி விளையாட இரண்டு எளிய வழிகள் இருக்கின்றன. கணினிப் பதிப்பு 2022இல் ஜிஓஜி தளத்தில் விற்பனைக்கு வந்தது. இப்போதைய விண்டோஸில் பழைய கிராபிக்ஸ் கார்டுகளைத் தேடி அலையாமல் ஓட்டலாம். இன்னொன்று, 2025இல் டிஜிட்டல் எக்லிப்ஸ் உருவாக்கி அட்டாரி வெளியிட்ட ‘மார்ட்டல் காம்பட்: லெகசி கலெக்ஷன்’. இந்தத் தொகுப்பில் நான்காவது ஆட்டத்தின் ஆர்கேட் பதிப்பே இருக்கிறது. அதோடு முதல் ஆட்டம், இரண்டாவது, அல்டிமேட் 3 எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதால், இந்த வழிகாட்டியில் சொல்லப்போகிற ஒப்பீட்டை ஒரே மெனுவிலிருந்து செய்துவிடலாம். என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இருந்தாலும் வீட்டுப் பதிப்புகளை முழுக்க ஒதுக்கிவிட வேண்டாம். பயிற்சிக்கான பிராக்டிஸ் மோட் அவற்றில் உண்டு. நான்கு கை கோரோவும் ஆர்கேடில் கிடையாது, வீட்டுப் பதிப்புகளில்தான் வருகிறான். அவன் ஏன் முக்கியம் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

படி 2: திரையும் கண்ட்ரோலரும்

திரையை 4:3 விகிதத்தில் வையுங்கள். அகலத் திரையை நிரப்ப வேண்டும் என்று இழுத்து விரித்தால் வீரர்கள் குட்டையாகத் தெரிவார்கள். அப்புறம் ‘பழைய கிராபிக்ஸ் கேவலம்’ என்று தோன்றுவதில் பாதி அந்த இழுவையால் வந்ததாகவே இருக்கும். டிவியில் விளையாடினால் ‘கேம் மோட்’ போட்டுவிடுங்கள். பட்டனைத் தட்டுவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் நடுவே வரும் தாமதம் சண்டை ஆட்டத்தைக் கொன்றுவிடும்.

ஸ்பிரைட் ஆட்டங்களுக்குப் பெட்டி போன்ற பழைய சிஆர்டி டிவி போலக் கோடுகள் காட்டும் வடிகட்டி இருந்தால் அதைப் போடுங்கள். அந்தப் படங்கள் சிஆர்டி திரையின் லேசான மங்கலை நம்பியே செய்யப்பட்டவை. நான்காவது ஆட்டத்தை இரண்டு விதமாகவும் பாருங்கள். கணினிப் பதிப்பில் ரெசல்யூஷனைக் கூட்டினால் பாலிகன்களின் ஓரங்கள் கூர்மையாகும். அவற்றின் மேல் ஒட்டிய டெக்ஸ்சர் படங்கள் மட்டும் அதே பழைய அளவில் நிற்கும். கூர்மையான உடலில் மங்கலான முகம் தெரிந்தால், காரணம் அந்த இடைவெளிதான்.

கண்ட்ரோலரில் அனலாக் குச்சியை விட்டுவிட்டு டி-பேடைப் (நான்கு திசைப் பட்டனை) பயன்படுத்துங்கள். கேப்காமின் சண்டை ஆட்டமான ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஸ்டிக்கை உருட்டிக் கால் வட்டம் போடுவோமே, அந்தப் பழக்கம் இங்கே பெரிதாக உதவாது. மார்ட்டல் காம்பட்டின் ஸ்பெஷல்கள் (சிறப்புத் தாக்குதல்கள்) பெரும்பாலும் தனித்தனித் தட்டல்கள்: பின்பக்கம், பின்பக்கம், பஞ்ச் என்பது போல. ஒவ்வொரு தட்டும் தெளிவாக விழ வேண்டும்.

பட்டன்கள் ஆறு: ஹை பஞ்ச், லோ பஞ்ச், ஹை கிக், லோ கிக், பிளாக், ரன். இடப்பக்கம் இரண்டு பஞ்ச்கள் மேலும் கீழுமாக, வலப்பக்கம் இரண்டு கிக்குகள் மேலும் கீழுமாக, பிளாக்கும் ரன்னும் தோள் பட்டன்களில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஆட்டங்களிலும் இதே அமைப்பை வைப்பது முக்கியம். ஒப்பிடும்போது மாற வேண்டியது ஆட்டம்தான், நம் விரல்கள் மாறக் கூடாது.

படி 3: முதலில் ஸ்பிரைட் ஆட்டத்தோடு ஒரு மாலை

நேராக நான்காவதைத் திறக்காதீர்கள். இரண்டாவது ஆட்டத்தையோ அல்டிமேட் 3-ஐயோ ஒரு மாலை முழுக்க விளையாடுங்கள். 1993, 1995ஆம் வருடத்துக் கண்கள் நமக்கு வந்தால்தான் 1997இல் என்ன நடந்தது என்று புரியும்.

1992இல் வந்த முதல் ஆட்டத்தின் ரகசியம், நிஜ மனிதர்கள். நடிகர்களை உடையோடு நிறுத்தி, அடிப்பது, விழுவது, எழுவது எல்லாவற்றையும் வீடியோவில் எடுத்தார்கள். அதிலிருந்து தேவையான சட்டகங்களை (ஃபிரேம்களை) மட்டும் பொறுக்கி, பின்னணியை நீக்கி, கையால் திருத்தி ஆட்டத்தில் சேர்த்தார்கள். அப்படி வெட்டி எடுத்த ஒவ்வொரு தட்டைப் படமும் ஸ்பிரைட். டேனியல் பெசினா என்ற ஒரே நடிகர்தான் ஜானி கேஜ், ஸ்கார்பியன், சப்-ஸீரோ, ரெப்டைல் எல்லோருமாக நடித்தார். நிஞ்ஜாக்கள் மூவரும் ஒரே படங்கள்தான், நிறத்தை மட்டும் மாற்றினார்கள். மஞ்சள் என்றால் ஸ்கார்பியன், நீலம் என்றால் சப்-ஸீரோ, பச்சை என்றால் ரெப்டைல். நினைவகத்தை மிச்சப்படுத்த எடுத்த இந்த வழி, தொடரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இப்போது கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருவோம். பிராக்டிஸ் போல இரண்டு பேர் ஆட்டத்தில் தனியாக நின்று அப்பர்கட் போடுங்கள்: கீழ் அழுத்தியபடி ஹை பஞ்ச். குனிந்த உடல், உயர்ந்த கை, அவ்வளவுதான். நடுவில் இருக்க வேண்டிய அசைவுகள் பல அங்கே இல்லை. ஒவ்வொரு சட்டகமும் நினைவகத்தில் இடம் பிடிக்கும் என்பதால் மிகச் சிலவற்றையே வைத்திருக்கிறார்கள். அந்தக் குறைச்சலால்தான் அடி ‘பட்’டென்று விழுகிறது. தொடரின் தாளமே இந்த வெட்டு வெட்டான அசைவில் இருக்கிறது.

அடுத்து கோரோவைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் நான்கு கை கொண்ட இந்த அரக்கனுக்கு நடிகர் கிடையாது. ஒரு சின்ன உருவச்சிலை செய்து, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, சட்டகம் சட்டகமாகப் படம் பிடித்தார்கள். அதனால் மற்ற எல்லோரும் வீடியோவிலிருந்து வந்தவர்களாகத் தெரிய, அவன் மட்டும் வேறு உலகத்திலிருந்து வந்தவன் போலத் தெரிவான். அந்த அந்நியத்தன்மை பயத்தைக் கூட்டியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தடுப்பது எப்படி என்று விரல்களுக்கு நினைவூட்டுங்கள். இங்கே பின்னால் அழுத்தினால் தடுப்பு வராது, பிளாக் பட்டனை அழுத்த வேண்டும். எதிராளி நம் தலைக்கு மேல் தாவி மறுபக்கம் போனாலும் பிளாக் பிளாக்தான், திசையைப் பற்றிக் கவலை இல்லை. இந்த ஒரு விதி முழுத் தொடரையும் ஸ்ட்ரீட் ஃபைட்டரிலிருந்து பிரிக்கிறது. நான்காவதிலும் அது மாறவில்லை.

படி 4: நான்காவதைத் திறந்து, பழைய விரல்களை நம்புங்கள்

ஸ்கார்பியனைத் தேர்ந்தெடுங்கள். நகர்வுப் பட்டியலைப் பார்க்க வேண்டாம். நேற்று மாலை அடித்த அதே கட்டளைகளை அடியுங்கள்.

எதிராளியை விட்டு விலகும் திசைதான் ‘பின்’. பின், பின், லோ பஞ்ச். ஈட்டி பறந்து போய் எதிராளியை இழுத்து வருகிறது. கீழ், பின், ஹை பஞ்ச். மறைந்து மறுபக்கத்திலிருந்து வந்து குத்துகிறான். அடுத்து சப்-ஸீரோ: கீழ், முன், லோ பஞ்ச் என்றால் பனி உறைய வைக்கும். கீழ், பின், லோ பஞ்ச் என்றால் பனிச்சிலை ஒன்றை விட்டுவிட்டுப் பின்வாங்குவான். லியூ காங்: முன், முன், ஹை பஞ்ச் என்றால் தீப்பந்து, முன், முன், ஹை கிக் என்றால் பறக்கும் உதை. லோ கிக்கைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து விட்டால் அந்தச் சைக்கிள் உதை.

எல்லாமே வேலை செய்கிறது. உடலின் ஒவ்வொரு அணுவையும் மாற்றிக் கட்டிய ஒரு குழு, நம் விரல்களில் இருந்த நினைவை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறது. சண்டை ஆட்டத்தில் இதைவிடப் பெரிய மரியாதை விளையாடுபவருக்குக் கிடையாது என்று நான் நினைக்கிறேன். அதே காலத்தில் ஆர்கேடில் 3டி என்றால் சேகாவின் விர்ச்சுவா ஃபைட்டர், நாம்கோவின் டெக்கன் என்று ஆகியிருந்தது. 1993இலும் 1994இலும் வந்த அவை எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கின, தொடங்க முடிந்தது. மார்ட்டல் காம்பட்டுக்கு ஏற்கெனவே பல லட்சம் விரல்கள் பழகியிருந்தன.

மிட்வே இதை ஒரே தாவலில் செய்துவிடவும் இல்லை. 1996இல் ‘வார் காட்ஸ்’ என்று ஒரு பாலிகன் சண்டை ஆட்டத்தை வெளியிட்டது. நடிகர்களின் புகைப்படங்களை முப்பரிமாண உருவங்களின் மேல் போர்த்தும் முறை அதில் இருந்தது. நிஜ மனிதன் என்ற பழைய கவர்ச்சியை 3டிக்குள் கொண்டுவரும் முயற்சி அது. அதை இப்போது பார்த்தால் கொஞ்சம் கூசும், ஆனாலும் நான்காவது ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று அறிய ஒரு பத்து நிமிடம் பார்க்கலாம்.

படி 5: மாறியது எது என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள்

இதுதான் நீண்ட படி. அவசரப்பட வேண்டாம்.

அசைவு. மறுபடியும் அப்பர்கட் போடுங்கள். பாலிகன் உடலில் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு நடுவே உள்ள எல்லா அசைவையும் கணினியே நிரப்பிக்கொள்ளும். ஸ்பிரைட்டில் சட்டகக் குறைச்சல் தானாகக் கொடுத்த அந்த வெட்டு, இங்கே தானாகக் கிடைக்காது. நிலைகளின் வேகத்தைச் செதுக்கித்தான் கொண்டுவர வேண்டும். அப்பர்கட்டில் குழு அதைச் சாதித்திருக்கிறது: அடி விழும் கணம் இன்னும் கனமாகத்தான் இருக்கிறது. நடப்பதிலும் தாவுவதிலும் அந்த அளவு கைகூடவில்லை. தாவல் கொஞ்சம் மிதப்பதாகத் தெரியும். பழைய தாளத்தில் தாவி உதைத்தால் ஒரு கணம் முன்னாலேயே பட்டனைத் தட்டிவிடுவீர்கள். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

நிஞ்ஜாக்கள். ஸ்கார்பியனையும் சப்-ஸீரோவையும் ரெப்டைலையும் ஒருவர் பக்கத்தில் ஒருவராக வைத்துப் பாருங்கள். முதல் முறையாக மூவருக்கும் தனித்தனி உடல். ரெப்டைலின் தோலில் பல்லிச் செதில் தெரிகிறது. ஒரே நடிகரின் மூன்று நிறங்களாக இருந்தவர்கள் மூன்று ஆட்களாக ஆனார்கள். பாலிகன் இந்தத் தொடருக்குக் கொடுத்த மிகப் பெரிய கொடை இதுதான், அதை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கோடு. சண்டை பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வையில்தான் நடக்கிறது. பக்கத்தில் விலகும் அசைவு உண்டு. பிராக்டிஸில் அதைப் பழகிக்கொண்டு, தூரத்திலிருந்து வரும் தீப்பந்தைத் தவிர்க்கப் பயன்படுத்திப் பாருங்கள். அதை வைத்து முழுச் சண்டையும் போட முடியாது, போட வேண்டும் என்று ஆட்டமும் எதிர்பார்க்கவில்லை. ஒரு முறை விலகியதும் கேமரா சற்றே சுழன்று, நீங்கள் நிற்கும் புதிய கோட்டைப் பழைய கோடு போலவே காட்டும். அந்தச் சின்னக் கேமரா வேலையில்தான் ஆட்டத்தின் முழு எண்ணமும் அடங்கியிருக்கிறது.

ஆயுதங்கள். ஒவ்வொருவரும் ஒரு கட்டளை போட்டு ஆயுதத்தை உருவலாம். ரெய்டனுக்குச் சுத்தியல், சப்-ஸீரோவுக்குப் பனிக்கோல், டான்யாவுக்கு பூமராங், ஃபூஜினுக்குக் குறுக்கு வில். அடி வாங்கினால் ஆயுதம் கையிலிருந்து விழும், விழுந்ததை எதிராளியும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்து எறியவும் செய்யலாம். களத்தில் கிடக்கும் கல், மண்டையோடு போன்றவற்றுக்கும் இதே கதி. உருவிய ஆயுதத்தை நம்பி முன்னேறுவது ஆரம்பத்தில் இனிக்கும். நல்ல எதிராளி அந்த உருவும் அசைவின்போதே வந்து அடிப்பார். எதிராளி கீழே விழுந்து கிடக்கும்போது உருவுவதே பாதுகாப்பு.

பிடித்து வீசுவது. எலும்பை முறிக்கும் பிடிகள் இந்த ஆட்டத்தில்தான் வந்தன. அந்த முறியும் சத்தமும், கேமரா அருகில் நகர்வதும் ஸ்பிரைட்டில் செய்ய முடியாதவை. தட்டைப் படத்துக்கு அருகே போனால் புள்ளிகள்தான் பெரிதாகும். உடல் முப்பரிமாணமாக இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்தும் அருகே போகலாம். பின்னாளில் வந்த, உடலுக்குள் எலும்பு முறிவதைக் காட்டும் எக்ஸ்-ரே தாக்குதல்களின் விதை இங்கே இருக்கிறது என்பது என் கணிப்பு.

காம்போவின் வரம்பு. நீண்ட காம்போ (இடைவிடாத தொடர் அடி) போட்டு ஒரு அளவுக்கு மேல் சேதம் ஏறினால் ‘மேக்சிமம் டேமேஜ்’ என்று அறிவித்து ஆட்டம் இருவரையும் பிரித்துவிடும். மூன்றாவது ஆட்டத்தில் ரன் பட்டன் வந்தபிறகு காம்போக்கள் நீண்டுகொண்டே போயின. அதற்கு வைத்த அணை இது. காம்போவையே நம்பி வளர்ந்தவர்களுக்கு இது எரிச்சலூட்டும். எனக்கு இந்த விதி பிடிக்கும். ஒரு ரவுண்டில் பல முறை எதிராளியை ஏமாற்றி நெருங்க வேண்டியிருக்கிறது, ஒரே ஒரு திறப்பு கிடைத்தால் போதும் என்ற நிலை இல்லை.

படி 6: ஏணியை ஏறுங்கள்

ஒரே வீரரைப் பிடித்துக்கொண்டு, எதிராளிகளை ஒவ்வொருவராக வென்று ஏறும் ஆர்கேட் மோடை முடியுங்கள். பழைய ஆட்டங்களை நன்கு அறிந்தவர்கள் புதியவர் ஒருவரை எடுப்பது நல்லது. நான் சொல்வது க்வான் சீ அல்லது ஃபூஜின். விளையாடக் கிடைத்த முதல் ஆட்டத்திலேயே முழுப் பாலிகனாக வந்தவர்கள் என்பதால் அவர்கள் உடலும் அசைவும் பொருந்திப் போகின்றன. ரெய்கோ, காய், ஜாரெக் ஆகியோரும் புதியவர்கள்தான், ஆனால் அந்த அளவு மனதில் நிற்பதில்லை.

வீட்டுப் பதிப்பில் கடைசிக்கு முன்னால் கோரோ வருவான். இங்கேதான் படி 3இல் சொன்னது கைகொடுக்கும். 1992இல் அவன் மட்டும் வேறு பொருளால் ஆனவன். இங்கே அவனும் எதிராளியும் ஒரே பாலிகன்களால் ஆனவர்கள். உலகம் ஒன்றாகிவிட்டது, பயம் கொஞ்சம் குறைந்துவிட்டது. பாலிகன் எதைக் கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது என்று கேட்டால் கோரோவின் இரண்டு உருவங்களையும்தான் காட்டுவேன்.

கடைசி எதிரி ஷின்னாக். இரண்டாவது, மூன்றாவது ஆட்டங்களின் கடைசி எதிரியான ஷாவ் கான் மாதிரி மலை போன்ற உடல் கிடையாது, சாதாரண உயரம். மற்ற வீரர்களின் ஸ்பெஷல்களைக் கடன் வாங்கிச் சண்டை போடுவான். பழைய கடைசி எதிரிகள் ஊட்டிய அச்சம் இவனிடம் இல்லை என்ற குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். தூரத்தில் நிற்காமல் நெருங்கியே இருங்கள், முடித்துவிடலாம்.

முடிவுக் காட்சிகளை மட்டும் தாண்டிவிடாதீர்கள். அதுவரை படமும் எழுத்துமாக வந்த முடிவுகள், இங்கே முதல் முறையாகக் குரலோடு நடிக்கும் காட்சிகளாக மாறின. கையை ஆட்டி ஆட்டிப் பேசும் உருவங்களும் விறைப்பான வசனங்களும் இன்று சிரிப்பை வரவழைக்கும். ஜாரெக்கின் முடிவு ரசிகர்களிடையே தனிப் புகழ் பெற்றது, சோன்யாவையும் ஜாக்ஸையும் மலைமுகட்டில் நிறுத்தும் காட்சி. என்றாலும் கதையைக் காட்சியாகச் சொல்லும் பழக்கம் தொடரின் சண்டை ஆட்டங்களுக்கு இங்கேதான் தொடங்கியது. 2011 ஆட்டத்தின் கதைப் பகுதியைப் புகழ்பவர்கள் இந்தக் கரடுமுரடான தொடக்கத்தையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

படி 7: ஃபேட்டாலிட்டி

தோற்ற எதிராளியைக் கொடூரமாகக் கொன்று முடிக்கும் காட்சிதான் ஃபேட்டாலிட்டி. தொடர் பெயர் எடுத்ததும் பிரச்சினையில் மாட்டியதும் இதனால்தான். 1993இல் அமெரிக்க செனட்டில் வீடியோ கேம் வன்முறை பற்றி நடந்த விசாரணையில் முதல் ஆட்டம் முக்கியமாக அடிபட்டது. அதன் தொடர்ச்சியாக 1994இல் வயது மதிப்பீட்டு வாரியமான ஈஎஸ்ஆர்பி உருவானது.

பழைய ஃபேட்டாலிட்டிகள் நாடக மேடை போல: இருவரும் பக்கவாட்டில் நிற்க, சம்பவம் நம் முன்னே நடக்கும். நான்காவதில் கேமரா மேடையேறிவிடுகிறது. க்வான் சீ எதிராளியின் காலைப் பிடுங்கி அதாலேயே அடிக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா கோணம் மாறி மாறி, திரை மங்கும் வரை அவன் நிறுத்துவதே இல்லை. அதை இரண்டாவது ஆட்டத்தின் ஏதாவது ஒன்றோடு ஒப்பிடுங்கள். கொடூரம் கூடியதா குறைந்ததா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு விடை வரும். நிஜ மனிதரின் புகைப்படம் சிதைவதைப் பார்ப்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பாலிகன் உருவம் எவ்வளவு ரத்தம் சிந்தினாலும் அது பொம்மைதான் என்று மனம் சொல்லிவிடுகிறது.

களத்தை வைத்து முடிக்கும் ஸ்டேஜ் ஃபேட்டாலிட்டிகளும் உண்டு: கோரோவின் குகையில் முட்கள், சிறைச்சாலையில் சுழலும் விசிறி.

படி 8: முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தல்

இப்போது மூன்று ஆட்டங்களை வரிசையாக, தலா சில ரவுண்டுகள், அதே ஸ்கார்பியனோடு விளையாடுங்கள்: அல்டிமேட் 3, பிறகு நான்கு, பிறகு 2011 ஆட்டம். கையில் இருந்தால் நடுவில் டெட்லி அலையன்ஸையும் சேருங்கள். டெட்லி அலையன்ஸில் ஒவ்வொருவருக்கும் பல சண்டைப் பாணிகள், எட்டுத் திசையிலும் நடக்கலாம், பழைய விரல்களுக்கு அங்கே வேலை குறைவு. அது மோசமான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். அது வேறு வீடு. அங்கிருந்து 2011க்குத் தாவினால் கோடு திரும்பக் கிடைக்கும். ஈட்டியின் கட்டளை மட்டும் பின், முன், பஞ்ச் என்று மாறியிருக்கும்.

ட்ரீம்காஸ்ட் இருப்பவர்கள் கோல்ட் பதிப்பில் இன்னொரு சோதனை செய்யலாம். கிட்டானா, மிலீனா, குங் லாவ், பராக்கா, சைரக்ஸ், செக்டர் என்று ஆறு பழைய முகங்கள் அங்கே பாலிகனாக வருகின்றன. கிட்டானாவும் மிலீனாவும் முன்பு நிறம் மாற்றிய ஒரே உடல். நிஞ்ஜாக்களுக்குச் செய்த ஒப்பீட்டை இவர்களுக்கும் செய்து பாருங்கள்.

வேறு நிறுவனம் இதே மாற்றத்தை எப்படிக் கையாண்டது என்று அறிய, ஆரிகா உருவாக்கி கேப்காம் 1996இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் இஎக்ஸ் போதும். கையால் வரைந்த ஸ்பிரைட்டிலிருந்து வந்தாலும் அவர்களும் கோட்டை விடவில்லை.

படி 9: இரண்டாவது ஆள்

கணினியோடு மட்டும் விளையாடிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். பழைய ஆட்டங்களை அறிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

இருவர் மோதும் முன் வரும் வெர்சஸ் திரையில் இருவருக்கும் தலா மூன்று கட்டங்கள் தெரியும். பட்டன்களைத் தட்டி எண்களை அமைத்தால் ‘காம்பட் கோட்’ எனப்படும் ரகசிய விதிகள் அமலாகும். முதலில் எந்த எண்ணும் போடாமல் ஐந்து மோதல் போடுங்கள். அடுத்து 010-010 என்று அமைத்தால் சேத வரம்பு நீங்கிவிடும். அதே இருவர், அதே வீரர்களோடு இன்னொரு ஐந்து மோதல். காம்போவுக்கு அணை போட்டது சரியா தவறா என்று இருவரும் வாதாட நல்ல ஆதாரம் கையில் இருக்கும். வாதம் முற்றினால் 321-321 போடுங்கள், எல்லோருக்கும் தலை பெரிதாகிவிடும்.